தம்பிக்கு யார் பொறுப்பு

பட்டாசுக்கு எந்தச் செய்தியையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாது. அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. அன்றைக்குக் காலையில் சலவைக் கூடத்துக்கு வேலைக்கு வரும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது. இஸ்திரி உருளைக்குள் போய்ச் சூடாக வெளியே வந்த முதல் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடித்தாள், எதிர் முனைகளை மடிப்பக்கா பிடித்து உதறினாள். விரிப்பு காற்றில் எழும்பி அடங்குவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது.

"அக்கா, தலைவர் உன் தம்பியைப் போட்டுட்டாராம்."

"எதுல போட்டாரு?"

"கட்சிப் பிரச்சாரத்துக்கே அவன்தான் தலைமையாம். இனிமே பேப்பருக்கும் டிவிக்கும் கட்சி என்ன சொல்லணும்னு அவன்தான் முடிவு பண்ணுவான். பஸ்ல ஒருத்தர் பேப்பர் வெச்சிருந்தார். போட்டோ வேற போட்டிருக்கான். சிரிச்சுக்கிட்டு நிக்கிறான் தேன்வாயன்."

முனையோடு முனை சேர்த்து, இரண்டு பேரும் நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். ஒருத்தி முனைகளைக் கொடுக்க, மற்றவள் குனிந்து கீழ் மடிப்பை எடுக்க வேண்டும். மடிப்பக்கா வருஷக்கணக்கில் செய்த வேலை, பெயரே அதில் வந்ததுதான், தூக்கத்திலும் செய்வாள். அன்று நடுவில் வந்தவள் முனைகளைக் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடுக்கா. சுடுது பாரு உனக்கு."

அப்போதுதான் கை சுடுவது அவளுக்கே தெரிந்தது.

ஊரில் உள்ள ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வந்து சேருவது அந்தச் சலவைக் கூடத்துக்குத்தான். ரத்தமும் சீழும் மருந்துமாகப் பை பையாக வந்து இறங்கும். ஊறவைக்கும் தொட்டி, துவைக்கும் இயந்திரம், பிழியும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் நீராவியில் சூடேறிய உருளைகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வரும்போது, யார் எந்த நோயில் படுத்திருந்தார்கள் என்ற அடையாளமே இருக்காது. உள்ளே நிற்பவர்களுக்கு உடம்பு வேகும். கூடத்தில் நின்று வெந்த கையோடு வெளியே மழையில் இறங்கினால் பல் கிட்டிப்போகும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி அங்கே கட்சியின் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆகாயத்தைக் கேட்கவில்லை. கையுறை, உருளைக்குப் பக்கத்தில் காற்றுப் போக வழி, சூடு பட்டால் சம்பளத்தோடு ஓய்வு, அவ்வளவுதான். ஊரும் முதலில் இவர்கள் பக்கம்தான் நின்றது. அடுமனைக்காரர் ரொட்டி கொடுத்து அனுப்பினார். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் சுவரெல்லாம் ஒரே சுவரொட்டி. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், அதன் கீழே ஒரே வரி: 'உங்கள் அம்மா இன்று யாருடைய அழுக்கில் படுத்திருக்கிறார்?'

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. பஸ்ஸில் இவர்கள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ரொட்டி கொடுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலைநிறுத்தம் படுத்தது. கையுறை வந்தது, காற்று வரவில்லை. முன்னால் நின்றவர்களைப் பொறுக்கியெடுத்து வெளியே அனுப்பினார்கள். அதில் ஒருவர் மடிப்பக்காவின் புருஷன். கூடத்தில் பாய்லர் பார்த்தவர் இப்போது வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார். இன்னும் அவரைப் பாய்லர்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது மரியாதையா கேலியா என்பது கூப்பிடுகிறவர்களுக்கே தெரியாது.

அந்த வரியை எழுதியவன், முதலாளி கூலிக்குப் பிடித்த விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த மடிப்பக்காவின் உடன்பிறந்த தம்பி. அவனைத்தான் இப்போது தலைவர் பிடித்திருக்கிறார்.

"ஆட்டுக்கு ஓநாய் காவலா?" பட்டாசு விடவில்லை. "தலைவருக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா? சரி, எப்படியும் ஞாயித்துக்கிழமை நம்ம கிளைக்குத்தான வரணும். நீ வாயைத் திறக்காம இரு, போதும்."

அவள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அந்தக் கட்சியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கட்சியைத் தடை செய்திருந்த காலத்தில், உளவு சொல்கிறவன் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று ஏற்படுத்தியது. வெளியிலிருந்து வருகிறவனுக்குப் பொறுப்புக் கொடுப்பதென்றால், தலைவரே கைகாட்டினாலும், அவன் குடியிருக்கும் பகுதியின் கிளைக் கூட்டத்தில் அவனை அறிந்த ஒருவர் எழுந்து, "இவருக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். நாளைக்கு அவன் துரோகம் செய்தால் அவனோடு சேர்ந்து பொறுப்புச் சொன்னவரும் வெளியே போக வேண்டியதுதான். யாரும் எழுந்திருக்கவில்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. தம்பி குடியிருந்த அறை சலவைக் கூடத்துக்குப் பின் தெருவில். அந்தக் கிளைக்குச் செயலாளர் மடிப்பக்கா. அவனை அறிந்தவர் என்று சொல்ல அவளையும் அவள் புருஷனையும் விட்டால் நாதியில்லை.

புருஷன் சொல்லமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். மச்சான் பெயரை எடுத்தாலே அவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்துதான் பேசுவார்.

அன்று சாயங்காலம் அவர் தொட்டி கழுவிவிட்டு வந்தபோது, மடிப்பக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். அவர் குழாயடியில் நின்று முழங்கை வரைக்கும் பாசியைத் தேய்த்துக் கழுவினார்.

"கேள்விப்பட்டியா?"

"ம்."

"என்ன பண்ணப் போற?"

"என்ன பண்ணணும்?"

"என்னைக் கேக்குறியே! உன் தம்பி."

"உங்க மச்சான் இல்லையா?"

"எனக்கு மச்சானே கிடையாது. கல்யாணத்தப்ப ஒருத்தன் இருந்தான், செத்துட்டான்." அவர் துண்டை உதறினார். "தலைவர் மேல உசிரையே வெச்சிருந்தேன். அவர் தண்டவாளத்துல வேலை பாத்து, கால் நசுங்கி, அதோட வந்து கட்சியை வளத்தவரு. அவருக்கா இப்படிப் புத்தி போகணும்? என் பொழப்பைக் கெடுத்தவனைக் கூட்டிட்டு வந்து என் தலை மேல உக்கார வெக்கிறாரு. நீ மட்டும் எந்திரிச்சு அந்த வார்த்தையைச் சொன்னேன்னு வை, அப்புறம் இந்த வீட்டுல நான் எந்த முகத்தோட சாப்பிடுறது?"

"நான் சொல்றேன்னு சொன்னேனா இப்ப?"

"சொல்லலைன்னும் சொல்லலையே!"

அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தவள், நறுக்காமல் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. புருஷனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருக்கிறது.

அந்த வரி அவளுடையது.

வேலைநிறுத்தம் தொடங்கிய வாரம், தம்பி வழக்கம்போல அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரொட்டியும் உருளைக்கிழங்கும். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மனசில் பட்டதைச் சொன்னாள்: "நியாயம் நம்ம பக்கம்தான். ஆனா யாரோட அம்மா இன்னைக்கு யாரோட அழுக்குல படுத்திருக்காளோ? அதை நெனச்சா சாப்பாடு எறங்க மாட்டேங்குது." வீட்டுக்குள் பேசியது. நல்ல மனசு உள்ள எவளும் பேசக்கூடியது. வேலைநிறுத்தத்தை அவள் கைவிடவில்லை, மறுநாளும் வாசலில் போய் நின்றாள். ஆனால் சுவரில் அந்த வரியைப் பார்த்தபோது, தன் வாயைத் தானே எடுத்து அங்கே ஒட்டியதுபோல இருந்தது அவளுக்கு. அன்றே தம்பியை வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டாள். காரணம் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது தம்பி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினான், அவள் நகர்ந்து நனைந்தபடியே நின்றாள்.

"பேப்பர்ல பாத்தேன். நல்லாத்தான் சிரிச்சிருக்க."

"சிரிக்கச் சொன்னாங்கக்கா."

"சொன்னதெல்லாம் செய்யறவனாச்சே நீ."

அவன் அதை வாங்கிக்கொண்டான். இரண்டு வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது. சட்டைக் காலர் கசங்கியிருந்தது, அவளுக்குத்தான் அது முதலில் கண்ணில் படும்.

"அந்தக் கம்பெனியை விட்டுட்டேன்க்கா. தலைவர் ஒண்ணும் என்னைத் தேடி வரல. நானாத்தான் போனேன். 'அந்தச் சுவரொட்டி எழுதினவன் நான்தான்'னு சொன்னேன். 'தெரியும், உக்காரு'ன்னார். டீ வாங்கிக் குடுத்தார். 'எங்ககிட்ட நியாயம் இருக்கு, சொல்லத்தான் வாய் இல்ல. நீ வர்றியா'ன்னார்."

"நீ எதுக்குடா போன?"

அவன் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "உன் வீட்டுக்கு வர்றதுக்கு வேற வழி தெரியல."

அவளுக்கு அழுகை வந்தது. அது வந்ததனாலேயே கோபமும் வந்தது.

"நான் பொறுப்புச் சொல்லலைன்னா? அந்த வரி யார் வாயில இருந்து வந்துச்சுன்னு ஊர் பூரா சொல்லிடுவியா?"

தம்பியின் முகம் சுருங்கிப்போனது. "என்னை அவ்வளவு கேவலமா நெனச்சுட்டியாக்கா?"

"நீ எழுதினதைப் படிச்சவடா நான்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்றிருந்தான். பாவி, இப்படி நின்றால் மனசு கரையும் என்று தெரிந்து நிற்கிறானா, நிஜமாகவே நிற்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. கூடப்பிறந்தவனையே இப்படிச் சந்தேகப்பட வைத்துவிட்டானே என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை மாடியில் கூட்டம். கிளைக் கூட்டத்துக்கு எப்போதும் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கும், அன்று படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றது. கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் விட்டு விட்டு மேலே கேட்டது. தலைவர் ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறி வந்தார். தம்பியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பாய்லர்காரர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"கோபம் இருக்கும். இல்லேன்னாதான் எனக்குக் கவலை. ஆனா ஒண்ணு கேக்கிறேன். நாம அச்சடிச்ச நோட்டீஸ்ல ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" நிறுத்தினார். ஒருவருக்கும் ஞாபகமில்லை. "இந்தத் தம்பி எழுதினது?"

அது எல்லோருக்கும் மனப்பாடம்.

"நம்மளைத் தோக்கடிச்சது போலீஸ் இல்ல, முதலாளி இல்ல. ஒரு வரி. அந்தக் கை நமக்கு வேணும்னு நெனச்சேன். தப்புன்னா சொல்லுங்க."

"தப்புதான்!" பட்டாசு எழுந்துவிட்டாள். "கை நல்லாத்தான் இருக்கு தோழர். மனசு? இவனையே கேக்கிறேன். ஏம்ப்பா, அப்படி ஒரு வரி உனக்கு எங்க இருந்துப்பா வந்துச்சு? உன் அக்காவும் மாமாவும் வெயில்ல நிக்கிறப்ப, எப்படிடா உனக்கு எழுத வந்துச்சு?"

மடிப்பக்காவின் காதில் டயர் சத்தம்கூட நின்றுபோனது. தம்பி எழுந்தான். அவளைப் பார்க்கவே இல்லை.

"எங்கம்மா கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தாங்க," என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "விரிப்பு நனைஞ்சு போயிருந்துச்சு. மாத்தச் சொல்லி ஒவ்வொருத்தர்கிட்டயா கெஞ்சினேன். யாரும் வரல. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'விடுடா, பழகிடுச்சு'ன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே போய்ட்டாங்க. அந்த வரி அங்க இருந்துதாங்க வந்துச்சு. ஆனா அதை யார் மேல எறியணும்னு அப்ப எனக்குத் தெரியல. உங்க மேல எறிஞ்சுட்டேன்."

பட்டாசு மூக்கை உறிஞ்சினாள். பின்னால் நின்ற ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா செத்தது வீட்டில், மடிப்பக்காவின் மடியில். விரிப்பு நனைந்த ஒவ்வொரு தடவையும் மாற்றியது அவள் கை. அப்போது தம்பி ஊரிலேயே இல்லை.

அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறான். அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் எவ்வளவு நன்றாகச் சொல்கிறான்! செத்த அம்மாவைத் தோண்டி எடுத்து, வாயில் ஒரு பேச்சையும் வைத்து, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் சொல்கிறான். அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பாய்லர்காரர் மெல்லத் திரும்பினார். மாமியாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் தூக்கி வைத்தவர் அவர். தம்பியைப் பார்த்தார், அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"செயலாளர் தோழர்," என்றார் தலைவர். "நீங்க ஒண்ணும் சொல்லலையே. பொறுப்புச் சொல்றதுன்னா..."

மடிப்பக்கா எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் பொய் சொல்றான். எங்கம்மா ஆஸ்பத்திரிக்கே போனதில்ல. அந்த வார்த்தை என்னோடது. எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது நான் சொன்னேன். அவன் எடுத்துக்கிட்டான். ரெண்டு வருஷமா நான் அதை மறைச்சேன். அந்த வார்த்தைக்கு நான் பொறுப்பு." மூச்சு வாங்கினாள். "இவனுக்கு நான் பொறுப்பு இல்ல. இப்பப் பாத்தீங்கல்ல, எல்லாரையும் அழ வெச்சான். செத்தவங்களையே எனக்காகக் கூட்டிட்டு வந்தான். நாளைக்குக் கட்சிக்காக யாரைக் கூட்டிட்டு வருவானோ? எனக்குப் பயமா இருக்கு."

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டாள். படிக்கட்டில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டு, ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, முணுமுணுப்பு கீழே சைக்கிள் கடை வரை இறங்கியது. தம்பி மட்டும் சின்னப் பிள்ளைபோல, "அக்கா, ஏன்க்கா," என்றான்.

பாய்லர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பெண்டாட்டி முன்னால் நின்றார்.

"எப்பச் சொன்ன?"

"வேலைநிறுத்தம் ஆரம்பிச்ச வாரம்."

"நான் எங்க இருந்தேன்?"

அவள் தயங்கினாள். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். "பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. 'ஆமா, அதுவும் பாவம்தான்'னு சொன்னீங்க."

அவர் அப்படியே நின்றார். ஞாபகம் வந்ததா, வராமலே நம்பினாரா தெரியாது. அவர் கண்ணில் தண்ணீர் நிற்பதை அந்தக் கூட்டம் அன்றுதான் பார்த்தது. வேலை போன அன்றைக்குக்கூட அவர் அழவில்லை.

பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஏண்டா. தெருவுல உன்னைப் பாக்கிறப்பெல்லாம் நான் காறித் துப்பினேனே. ஒரு நாள், 'யோவ், நீயும்தான்யா ஆமான்னு சொன்ன'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி மாமா சொல்றது? சொன்னா அக்கா பேரு வரும்."

பாய்லர்காரர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். தலைவர் பக்கம் நிமிர்ந்து நின்றார்.

"தோழர், அந்தக் காலத்துல பொறுப்புச் சொல்ற வழக்கம் எதுக்கு வந்துச்சு? காட்டிக் குடுக்காதவனான்னு பாக்கத்தான? இவன் ரெண்டு வருஷம் என்கிட்ட வசவு வாங்கினான். காட்டிக் குடுக்கல. பேசத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் கிடைப்பான். இப்படி வாயை மூடத் தெரிஞ்சவன் கிடைக்கமாட்டான்." செருமிக்கொண்டார். "இவருக்கு நான் பொறுப்பு."

"என்னங்க!" என்றாள் மடிப்பக்கா.

"பொய் சொல்வான்னுதான பயப்படுற? சொல்லட்டும். எந்திரிச்சு நின்னு பொய்யின்னு சொல்ல நீ இருக்கல்ல."

சிலர் சிரித்தார்கள். அதோடு கூட்டத்தின் இறுக்கம் விட்டுப்போனது. பட்டாசு, "நான் இதுக்கு ஒத்துக்கமாட்டேன், எழுதிக்கோங்க," என்று கத்தினாள். ஆனால் வழக்கம் வழக்கம்தான், ஒரு வாய் போதும். அதுவும் அந்த வரியால் வேலை இழந்தவரின் வாய். தலைவர் எழுந்து பாய்லர்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தம்பியைத் தடுக்க என்று மடிப்பக்கா சொன்ன உண்மையே அவனை நாற்காலியில் ஏற்றிவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

வழியில், "அவன் இனிமே என்ன எழுதினாலும் உங்க தலையிலதான் விடியும்," என்றாள்.

"தெரியும்."

"வேலையும் போச்சு. இருக்கிறது கட்சி ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய் அவன் கையில குடுத்துட்டீங்க."

"குடுத்துட்டேன்," என்றார் அவர்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்கு வந்தான். கதவைத் தட்டாமல் வாசலில் நின்றிருந்தவனை, பாய்லர்காரர்தான், "உள்ள வாடா," என்றார். மடிப்பக்கா ரொட்டி சுட்டாள். வெங்காயத்தோடு முட்டையை வதக்கினாள், அவனுக்குப் பிடிக்கும் என்று மிளகைத் தூக்கலாகப் போட்டாள். மூன்று தட்டுகளை வைத்தாள். அவன் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டான். பசியாறச் சாப்பிட்டு நாளாகியிருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

"கூடத்துல வேலையெல்லாம் எப்படிக்கா போகுது?" என்று நிமிராமலேயே கேட்டான்.

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. காற்றுக்கு இன்னும் வழி விடவில்லை. பட்டாசின் மணிக்கட்டில் சூடு பட்டுக் கொப்புளம் போட்டிருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறாள், சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். இரண்டு வருஷமாகத் தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. அந்த வரியும் இப்படிச் சாப்பாட்டு நேரத்தில் வாயிலிருந்து விழுந்ததுதான். பாய்லர்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"இன்னொரு ரொட்டி வெக்கட்டுமா?" என்றாள்.

தம்பி அப்போதுதான் நிமிர்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான். மென்றுகொண்டிருந்ததை விழுங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வெய்க்கா," என்று தட்டை நீட்டினான்.